பல்பு எரிந்தால் போதுமா?

கால்வாயில் தண்ணீர் தேங்கினால் புகார் செய்கிறோம். கூரைத் தகரம் ஒழுகினால் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் பெரட்டுக் களத்திலேயே குரல் எழுப்புகிறோம். ஆனால் நம் தலைக்கு மேலே, கூரைச் சட்டத்தை ஒட்டி ஓடும் மின்சார வயரைப் பற்றி மட்டும் நாம் வாய் திறப்பதில்லை. சுவிட்சைத் தட்டுகிறோம், பல்பு எரிகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் தவறானது, உயிருக்கே ஆபத்தானது என்பதைக் கோலசிலாங்கூர், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை முதல் களும்பாங் வரையுள்ள தோட்டத் தோழர்களுக்கு இன்று எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மின்சாரம் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1894ஆம் ஆண்டிலேயே ராவாங் சுரங்கத்தில் மின்சாரத்தைக் கொண்டுவந்தவர்கள் லோக் இயூவும் நம்மவரான கா. தம்புசாமிப் பிள்ளையும். ஆயினும் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களுக்கு அந்த வெளிச்சம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. மாலையில் தோட்டத்து இன்ஜின் ஓடத் தொடங்கி, இரவு பத்து மணியானதும் நின்றுவிடும் காலத்தை நம் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அன்று வீட்டுக்கு ஒரு பல்பு, மிஞ்சினால் இரண்டு. வயரும் அந்தக் கணக்குக்குத்தான் போடப்பட்டது.

இன்று நிலைமை என்ன? அதே லயத்தில் ஐஸ்பெட்டி இருக்கிறது. துணி துவைக்கும் மெஷின் இருக்கிறது. சோறாக்கும் சட்டியும் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலும் இருக்கின்றன. 2,000 வாட்டுக் கெட்டில் ஒன்று, 60 வாட்டு பல்புகள் 33 சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தைத் தான் ஒன்றாகவே இழுக்கிறது. ஒரு வயரில் ஓடும் கரண்டு இரண்டு மடங்கானால் அதில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். பல்புக்கு என்று போட்ட வயரில் பிளக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகினால், அந்த வயர் எத்தனை நாள் தாங்கும்?

வயருக்கும் வயது உண்டு. இதைப் பிறருக்கு விளக்குவது கடினம். பால் வெட்டும் தோழனுக்கு விளக்கவே வேண்டாம். 1950ஆம், 1960ஆம் ஆண்டுகள் வரை கட்டடங்களில் போட்ட வயர்களில் பெரும்பகுதிக்கு ரப்பர்தான் உறை. பிறகுதான் பிளாஸ்டிக் உறை பரவியது. பழைய ரப்பர் வளையத்தை வெயிலில் போட்டுப் பாருங்கள்: இறுகும், வெடிக்கும், விரலால் தொட்டால் உதிரும். காற்றும் சூடும் செய்கிற வேலை அது. தகரக் கூரைக்கு அடியில், பல்பு மாட்டும் இடத்தில், அதே வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. பிளாஸ்டிக் உறையும் சூட்டில் இறுகத்தான் செய்யும். மிச்சத்தை எலி கடிக்கிறது; ஒழுகும் மழைநீர் நனைக்கிறது. அப்படி உரிந்த நிலையிலும் பல்பு எரியும்! அதுதான் இதிலுள்ள சூது.

நமக்கு நேர்ந்த ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நாம் வேலை செய்த தோட்டத்தில் ஒரு வீட்டில் ஒரே மாதத்தில் மூன்று முறை பியூஸ் போயிற்று. மூன்று முறையும் ரிப்பேர் புத்தகத்தில் “பியூஸ் மாற்றப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்திட்டோம். ஏன் போகிறது என்று கேட்கவில்லை. நான்காம் முறை, அலைந்து சலித்த அந்த வீட்டுக்காரர் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிப் பியூசில் வைத்தார். பியூஸ் போகவில்லை, நள்ளிரவில் கூரைக்கடியில் வயர் எரிந்தது. பக்கத்து வீட்டார் விழித்துக்கொண்டு மெயினை அணைத்ததால் உயிர்ச்சேதம் இல்லை. இரண்டு வீட்டுக் கூரையும், ஒரு சிறுமியின் பள்ளிப் புத்தகங்களும் கரியாயின. குற்றம் அந்தத் தொழிலாளியுடையது மட்டுந்தானா? புத்தகத்தில் எழுதிய நம் கைக்கும் அதில் பங்கு உண்டு. இலங்கை மலையகத்திலிருந்து லயத்தீச் செய்தி அடிக்கடி வருகிறது. ஓர் அறையில் பற்றியது ஒரே கூரைக்குக் கீழ் வரிசை முழுவதையும் தின்றுவிடுகிறது. நம் லயங்களும் அதே மாதிரி கட்டப்பட்டவைதாம்.

இதற்குப் பொறுப்பு யார்? மின்சாரக் கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். மீட்டர் வரைக்குந்தான் அவர்கள் பொறுப்பு. அதற்கு உட்பட்ட வயர் கட்டடத்துக்கு உடையவர் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுத்த முதலாளி அதைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2019ல் திருத்தப்பட்ட அச்சட்டம் 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் தோட்டங்களின் லாபக் கணக்கு லண்டனுக்குப் போயிற்று. அந்த இங்கிலாந்தில், 2020ஆம் ஆண்டு விதிப்படி, வீட்டை வாடகைக்கு விடும் தனியார் 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவரைக் கொண்டு வயரிங்கைச் சோதித்து, அறிக்கையைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். அங்கே நியாயமாக இருப்பது இங்கே அநியாயமாகிவிடுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற காண்ட்ராக்டர் ஒவ்வொரு லயத்தையும், ஒவ்வொரு கிராணி வீட்டையும் சோதிக்க வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டுப் போவது சோதனை ஆகாது. 500 வோல்ட் மீட்டர் வைத்து உறையின் பலத்தை அளக்க வேண்டும். ஒரு மெக்கோமுக்குக் குறைந்தால் அந்த வயரை நம்பக் கூடாது. எர்த் கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈ.எல்.சி.பி. என்னும் காப்புச் சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு அதைப் பொருத்த வேண்டும். பியூஸ் காப்பது வயரை, மனிதனை அல்ல. ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே ஆளைக் கொல்லப் போதும். 5 ஆம்பியர் பியூசுக்கு அது தெரியவே தெரியாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிப்பது அந்தச் சுவிட்ச்தான். புதிதாக வயர் போட்டால், வேலை முடிந்ததற்கும் சோதித்ததற்கும் உரிய ஜி, எச் பாரங்களை நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. பியூசில் தடித்த கம்பி வைக்காதீர்கள். சுவிட்ச் சூடானாலும், கருகிய வாடை வந்தாலும், விளக்கு மினுக்கினாலும் அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள். காப்புச் சுவிட்ச் இருந்தால் மாதம் ஒரு முறை அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கிராணித் தோழர்களே, “மாற்றப்பட்டது” என்று எழுதுவதோடு நிறுத்தாமல், எந்த வீட்டில் எத்தனை முறை என்று கணக்கெடுத்துக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்த தோட்டங்களிலும் பழைய லயம் பழைய லயமாகவே நிற்கிறது. அங்கே இன்று குடியிருக்கும் இந்தோனேசியர், வங்காளதேசத்தார் வீடுகளையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நெருப்பு பாஸ்போர்ட் கேட்பதில்லை.

செலவாகும் என்று நிர்வாகம் சொல்லும். ஆகட்டும். ஸ்டோரில் கிடக்கும் ரப்பர் ஷீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறவர்களுக்கு, அந்த ஷீட்டை உண்டாக்கியவன் தூங்கும் வீட்டு வயரைச் சோதிக்கும் செலவு பெரிதல்ல. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக வையுங்கள். சோதித்த தேதி என்ன, சோதித்தவர் யார், அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை விடாமல் கேளுங்கள்.