இறாலின் கண்ணுக்குள் ஒரு கிடங்கு

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் இறாலை உற்றுப் பாருங்கள். கண்கள் தலையோடு ஒட்டியிருக்காது. இரண்டு சிறு காம்புகளின் நுனியில் துருத்திக்கொண்டு நிற்கும். கடலில் பிடித்த இறாலுக்கு இரண்டு கண்ணும் இருக்கும். பண்ணையில் வளர்ந்ததற்கும் இருக்கும். ஆனால் பண்ணை இறாலைப் பெற்ற தாய்க்குப் பெரும்பாலும் ஒரு கண்தான்.

கடலில் தானாகவே சினை பிடிக்கும் இறால், பொரிப்பகத் தொட்டியில் அடைபட்டால் எளிதில் சினை முதிர்வதில்லை. அதனால் தாயின் ஒரு கண்காம்பை நசுக்கியோ, நூலால் இறுக்கிக் கட்டியோ, சுட்டோ அகற்றிவிடுகிறார்கள். சில நாட்களிலேயே சினை முதிரத் தொடங்கிவிடும். கண்ணுக்கும் சினைக்கும் என்ன சம்பந்தம்?

1943-ல் பானூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்தான் இந்தத் தொடர்பைக் காட்டினார். கண்காம்புக்குள் பார்வை நரம்புகளோடு, ஹார்மோன் தயாரிக்கும் நரம்புச் செல்களும் கொத்தாக இருக்கின்றன. செல்லின் உடலில் முதலில் ஒரு நீளமான புரதம் உருவாகிறது. அது அப்படியே உதவாது. நுண்ணிய பைகளில் அடைக்கப்பட்டு, உரிய இடங்களில் வெட்டுப்பட்ட பிறகே ஹார்மோன் ஆகிறது. செல்லின் நீண்ட வாலுக்குள் தண்டவாளம் போல நுண்குழாய்கள் ஓடுகின்றன. இழுவைப் புரதங்கள் அவற்றின்மேல் பைகளை இழுத்துக்கொண்டு போகின்றன, துறைமுகத்துக்கு சரக்குப் பெட்டி போவதைப்போல. வாலின் நுனிகள் கூடும் இடம் சைனஸ் சுரப்பி. பெயர்தான் சுரப்பி, உண்மையில் அது கிடங்கு. நரம்பு சைகை வந்ததும் சரக்கு ரத்தத்தில் இறங்கும்.

தவளையின் மூளையிலும் இதே ஏற்பாடுதான். உடலில் நீரைக் காக்கும் வாசோடோசின் மூளையின் அடிப்பகுதிச் செல்களில் உருவாகிறது. தான் பிறந்த அதே புரதத்தின் மற்றொரு துண்டான நியூரோபைசினோடு சேர்ந்து பயணம் செய்து, பிட்யூட்டரியின் பின்பகுதியில் காத்திருக்கிறது. பிரசவ வலியின்போது தாய்மாருக்குச் சுரக்கும் ஆக்ஸிடோசின் வருவதும் இதேபோன்ற பாதையில்தான்.

இறாலின் கண்காம்பில் சேரும் ஹார்மோன்களில் ஒன்று சினை முதிர்வதைத் தடுக்கிறது. காம்பை வெட்டினால் பட்டறையும் கிடங்கும் சேர்ந்தே போய்விடும், தடையும் தளரும். ஆனால் ரத்தச் சர்க்கரையையும் தோடு உரிப்பதையும் கட்டுப்படுத்தும் ஹார்மோன்கள் இருப்பதும் அங்கேதான். ஒரு பூட்டைத் திறக்க வீட்டுச் சுவரையே இடிக்கிற வேலை இது. இரண்டு கண்களையும் எடுத்தால் இறால் பிழைப்பது அரிது.

தடை ஹார்மோனை மட்டும் நிறுத்த வழி உண்டா? தாய்லாந்து ஆய்வாளர்கள் 2008-ல் புலி இறாலில் அந்த ஹார்மோனின் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. துண்டுகளால் அடக்கிப் பார்த்தார்கள். முட்டைக் கருவுக்கான புரதத்தின் உற்பத்திக்கு இருந்த தடை நீங்கியது. கண்ணை வெட்டாத தாயின் இறால்தான் வேண்டும் என்று ஐரோப்பாவில் வாங்குவோர் சிலர் கேட்கவும் தொடங்கியிருக்கிறார்கள். தூத்துக்குடியும் இறால் ஏற்றுமதி செய்யும் ஊர்தான். ஆனால் தாய் இறால் ஒவ்வொன்றுக்கும் ஊசி போடும் செலவு எங்கே, ஒரு இடுக்கியின் விலை எங்கே!