வீட்டுத் தோட்டம்: மல்லிகையின் குளிர்தேசத்து உறவு

கனடாவில் டொராண்டோ நகரைச் சேர்ந்த ஸ்கார்பரோவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று வருஷங்களுக்கு முன்பு வீட்டு வாசலில் லைலாக் செடி ஒன்று வைத்தாராம். சாதாரண லைலாக் அல்ல. வசந்தத்தில் ஒரு முறை பூத்துவிட்டு, கோடையின் பிற்பகுதியில் மறுபடியும் பூக்கும் என்று சொல்லி விற்ற ஜாதி. வைத்த முதல் வசந்தத்தில் செடி கொள்ளாமல் பூத்தது. அதற்குப் பிறகு இரண்டு வசந்தங்களாக ஒரு கொத்துக்கூட இல்லை. ஆவணி, புரட்டாசியில் மட்டும் நாலைந்து சிறு கொத்துகள் தலைகாட்டிவிட்டுப் போகின்றனவாம்.

"எரு போடுகிறேன், தண்ணீர் விடுகிறேன். கார்த்திகை பிறந்ததும் எங்கள் அம்மா மல்லிகைக்குச் செய்வது போலவே முழங்கால் உயரத்துக்கு வெட்டியும் விடுகிறேன். இன்னும் என்னதான் செய்ய வேண்டும்? இந்த வருஷமும் பூக்காவிட்டால் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைக்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்" என்று கேட்கிறார்.

சகோதரி, பிடுங்க வேண்டாம். உங்கள் செடிக்கு ஒரு குறையும் இல்லை. கோளாறு எங்கே என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதற்கு வருமுன், லைலாக்கைப் பார்த்திராத நம் ஊர் நேயர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. 'நீல' என்ற சம்ஸ்கிருதச் சொல் பாரசீகத்தில் 'நீலக்' ஆயிற்று. அது 'லீலக்' என்று திரிந்து, ஐரோப்பாவுக்குப் போய் 'லைலாக்' ஆகிவிட்டது. நாம் சொல்லும் நீலம்தான்! இளம் ஊதா நிறத்தில், சிறுசிறு குழல் பூக்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, திராட்சைக் குலையை நிமிர்த்தி வைத்தாற்போல் கொத்தாக நிற்கும். வெள்ளையும் ரோஜா வர்ணமும் உண்டு. வாசனை தெருக்கோடி வரை வரும். தாவர சாஸ்திரிகள் மல்லிகை, முல்லை, பவழமல்லி, ஆலிவ் மரம் இவற்றோடு லைலாக்கையும் ஒரே குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே நம் மல்லிகைக்கு இது குளிர்தேசத்தில் வாழ்க்கைப்பட்ட தமக்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

சாதாரண லைலாக்கின் பிறந்தகம் தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் மலைப் பிரதேசம். துருக்கி சுல்தான் சுலைமானின் சபையில் தூதராக இருந்த பூஸ்பெக் என்பவர், 1562-இல் வியன்னாவுக்குத் திரும்பியபோது இதையும் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். பிறகு ஐரோப்பா முழுவதும் பரவி, அமெரிக்காவுக்கும் கப்பலேறிவிட்டது.

இதை அழகுபடுத்தியவர்களில் முதலிடம் பிரான்ஸ் தேசத்து நான்ஸி நகரைச் சேர்ந்த விக்டர் லெமுவானுக்கு. 1870-இல் பிரஷ்யா யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், அவர் அடுக்கு லைலாக் உண்டாக்கும் வேலையில் இறங்கினார். அவருக்கோ கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. அவருடைய மனைவி ஏணியில் ஏறி நின்றுகொண்டு, அந்தப் பொடிப் பூக்களில் ஒவ்வொன்றாக மகரந்தத்தை எடுத்து வைத்தார். இன்றைக்கும் அடுக்குப் பூ லைலாக்கைப் 'பிரெஞ்சு லைலாக்' என்று சொல்கிறார்களே, அதற்கு அந்தத் தம்பதிகளே காரணம்.

இத்தனை பாடுபட்டும் ஒரு குறை மட்டும் தீரவில்லை. லைலாக் வருஷத்துக்கு ஒரே முறைதான் பூக்கும். அதுவும் மே மாதத்தில் இரண்டு மூன்று வாரம். பிறகு அடுத்த மே வரை வெறும் பச்சை இலைதான். சீனாவைச் சேர்ந்த சில சிற்றிலை லைலாக்குகளுக்கு மாத்திரம், கோடை முடிவில் மறுபடி சில கொத்துகள் விடும் குணம் இருந்தது. அந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டு, 1974-இல் பிரான்ஸில் மொரேல் என்பவர் 'ஜோஸே' என்ற ஜாதியை வெளியிட்டார். அதன் வழியில் வந்ததுதான் அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்து நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து 2009-இல் விற்பனைக்கு வந்த 'ப்ளூமராங்'. எறிந்தால் திரும்பி வரும் ஆஸ்திரேலிய வளைதடியை 'பூமராங்' என்பார்கள் அல்லவா? பூவும் அதுபோலத் திரும்பி வருகிறது என்பதற்காக அந்தப் பெயர். நாலைந்து அடிக்கு மேல் வளராது. ஆகவே சிறிய வாசலுக்கும் ஏற்றது.

இனி விஷயத்துக்கு வருவோம். மல்லிகை எங்கே அரும்பு விடுகிறது? புதிதாக விட்ட துளிரில். அதனால்தான் கார்த்திகையில் தண்ணீரை நிறுத்திக் கவாத்து செய்கிறோம். தை, மாசியில் புதுக் கிளைகள் வெடிக்கின்றன. பங்குனி, சித்திரையில் ஒவ்வொன்றும் அரும்பு கட்டிவிடுகிறது. வெட்ட வெட்டப் பூ என்பது மல்லிகையின் தர்மம்.

தமக்கையின் தர்மம் வேறு. லைலாக் இந்த வருஷத்து மே மாதத்தில் காட்டும் பூவை, சென்ற வருஷத்துக் கோடையிலேயே கிளை நுனிகளில் மொட்டாக முடிந்து வைத்துவிடுகிறது. அந்த மொட்டுகள் இலையுதிர் காலத்தைத் தாண்டி, பனியெல்லாம் தாங்கிக்கொண்டு, வசந்தத்துக்காகக் காத்திருக்கின்றன. நவம்பரில் கத்தரியை எடுத்தால் வெட்டுப்படுவது வெறும் குச்சி அல்ல. அடுத்த மே மாதத்துப் பூ அத்தனையும் தரையில் விழுகிறது.

சகோதரி, உங்கள் செடி இரண்டு வருஷமாக வசந்தத்தில் மௌனம் சாதித்ததற்கு இதுதான் காரணம். ஆவணியில் நாலு கொத்து வந்தது எப்படி என்று கேட்பீர்கள். மறுபூ ஜாதியின் விசேஷமே அதுதான். வசந்தத்துப் பூவைப் பழைய குச்சியிலும், இரண்டாவது பூவை அந்த வருஷத்துப் புதுத் துளிரிலும் அது கொடுக்கிறது. பழைய குச்சிகள் போய்விட்டாலும் புதுத் துளிர் இருந்தது. அதில் சக்திக்கு ஏற்றபடி பூத்தது. இழந்த கிளைகளை வளர்ப்பதிலேயே பலம் செலவாகிவிட்டதால் கொத்துகள் சிறுத்துவிட்டன. அந்த நாலு கொத்துகளே செடிக்கு வேரில் நோயில்லை, வெயில் போதவில்லை என்பதும் இல்லை என்பதற்குச் சாட்சி.

ஆகவே இந்த நவம்பரில் கத்தரியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அடுத்த வருஷத்துக்கு இதுதான் முறை:

ஏப்ரலில் பனி கரைந்ததும், காய்ந்து முறிந்த குச்சிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். மக்கிய எரு ஒரு கூடை, தண்டைத் தொடாமல் சுற்றிலும் பரப்பினால் போதும். அதற்கு மேல் உரம் போட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும். அங்கே வீட்டுக்கு வீடு புல்தரைக்கு உரம் தூவுவார்கள். அது தழைச்சத்து மிகுந்தது. செடியின் அடியில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதக் கடைசியில் பூ வரும். கொத்து வாடியவுடனே செய்யவேண்டியதுதான் முக்கியமான வேலை. வாடிய கொத்துகளை, கீழே உள்ள முதல் ஜோடி இலைக்கு மேலாக வெட்டி எடுத்துவிடுங்கள். செடி உருவம் கெட்டிருந்தால் அப்போதே கிளைகளைக் கொஞ்சம் குறைக்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் இதை முடித்துவிட வேண்டும். விதை கட்டுவதில் போகும் பலம் புதுத் துளிருக்குத் திரும்பும். அந்தத் துளிரில்தான் இரண்டாம் பூ இருக்கிறது.

ஜூன், ஜூலை வெயிலில் செடி ஓய்வெடுக்கும். "முதல் பூ முடிந்து ஆறு வாரமாயிற்று, இன்னும் காணோமே" என்று பதறி உரத்தைக் கொட்டக்கூடாது. வாரத்துக்கு ஒரு முறை ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுங்கள். வேரில் தண்ணீர் தேங்கினால் மட்டும் இது பொறுக்காது. ஜூலைக் கடைசியிலிருந்து உறைபனி விழும் வரை, விட்டு விட்டுப் பூ வரும்.

அப்படி வருவது மே மாதத்துப் பூவைப் போல் இராது. கொத்து சிறியது, எண்ணிக்கையும் குறைவு. விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு, ஆறு மாதமும் செடி ஊதாக் குடையாக நிற்கும் என்று எதிர்பார்த்தவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். முதல் பூ விருந்து. இரண்டாவது பூ மாலைச் சிற்றுண்டி. சிற்றுண்டிக்கு ஆசைப்பட்டு விருந்தை வெட்டிவிடக்கூடாது.

புதிதாக வைக்க விரும்புகிறவர்களுக்கு: நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் வைத்தால் பூவும் குறையும், இலையில் சாம்பல் நோயும் பிடிக்கும். குழி வேர்க்கட்டியின் ஆழமே இருக்கட்டும்; அகலம் மட்டும் இரண்டு மடங்கு. புளிப்பு மண் இதற்கு ஆகாது. வைத்த முதல் இரண்டு வருஷம் செடி வேரூன்றுவதிலேயே கவனமாக இருக்கும். மறுபூ அதற்குப் பிறகுதான் கணக்காக வரும்.

பூவைத் தலையில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆசைக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், தடையில்லை. ஆனால் மல்லிகையைப் போல் தொடுத்து வைக்க இது தாங்காது. தண்ணீரை விட்டுப் பிரிந்தால் சீக்கிரம் துவண்டுவிடும். பாதிக்கு மேல் மலர்ந்த கொத்தாகப் பார்த்து, விடியற்காலையில் நறுக்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஆழமான ஜாடியில் நிறையத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கூடம் முழுவதும் மணக்கும்.

இதைப் படித்துவிட்டு, "மகள் வரும்போது ஒரு போத்து கொண்டுவரச் சொன்னால் என்ன?" என்று நினைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம். லைலாக்கின் மொட்டு விழித்தெழ, அதற்கு முன் பல வாரங்கள் கடுங்குளிரில் தூங்கியாக வேண்டும். தெற்குக் கலிபோர்னியாவின் இளங்குளிர்கூட அதற்குப் போதாமல், 'லாவெண்டர் லேடி' என்று தனி ஜாதியே உண்டாக்க வேண்டியிருந்தது. நம் மார்கழியோ அதற்கு ஒரு போர்வைக்குக்கூடக் காணாது. தவிர, 2003-ஆம் வருஷத்து உத்தரவுப்படி, சர்க்கார் அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டுச் செடியை இங்கே கொண்டுவரக்கூடாது.

அதற்குப் பதிலாக, மகள் வீட்டுக்குப் போகும் பயணத்தை மே மாதக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரத்தில் ஹாமில்டன் ஊர் இருக்கிறது. அங்குள்ள ராயல் தாவரத் தோட்டத்தில் லைலாக்குக்கென்றே ஒரு பள்ளத்தாக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். போகும்போது மகளிடம் ஞாபகமாகச் சொல்லுங்கள்: மல்லிகைக்குக் கத்தரி பூக்கும் முன்னே; லைலாக்குக் கத்தரி பூத்த பின்னே. இது ஒன்று நினைவிருந்தால், மற்றதைச் செடியே பார்த்துக்கொள்ளும்.