குறையாத நாற்பத்தெட்டு

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இன்று காசு வாங்கும் கைகளைக் காண்பது அரிது. வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் வில்லையைக் கருவியே படித்துக் கட்டணத்தைக் கழித்துக்கொள்கிறது. மிச்சமாகும் நேரமும் எரிபொருளும் பயணிகள் அனைவருக்கும் பயன்; இழப்போ அங்கே அமர்ந்திருந்த சிலருக்கு மட்டும். இது முறையன்று.

இயந்திரம் வேண்டா என்று கூறேன். நாள்முழுதும் புகைநடுவே சில்லறை எண்ணுவது எவர்க்கும் இன்பமன்று. ஆனால், ஆட்களைக் குறைக்காமல் ஒவ்வொருவரின் வேலைநேரத்தைக் குறைத்து, இருக்கும் வேலையைப் பங்கிடலாமே! தொழிற்சாலைகளில் இது முன்பே நடந்திருக்கிறது. இந்தியச் சட்டப்படி வார வேலைநேரத்தின் உச்ச அளவு 1922-இல் 60 மணி, 1934-இல் 54, 1946-இல் 48. 1923-இல் சென்னையில் மே நாள் கொண்டாடிய சிங்காரவேலர் போன்றோரின் உழைப்பும் இதன்பின் உண்டு. அதற்குப்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக இயந்திரங்கள் பெருகின. 48 மட்டும் அசையவில்லை.

நேரம் குறைந்தால் கூலியும் குறையுமே என்பீர்கள். கருவியால் வரும் இலாபத்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்குக. வேலையை நம்பி ஊர்விட்டு வந்த நம்மவர் பலர்க்கு, அது போனால் திரும்பிச்சென்று உழ நிலமும் இல்லை. அவர்கள் வேறு தொழில் கற்கும்வரை வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அப்பங்கே தாங்க வேண்டும்.