மிலான் நகரின் தாள்களும் நம் பாட்டு நோட்டுகளும்

2024 டிசம்பரின் தொடக்கத்தை விழுப்புரமும் திண்டிவனமும் மறந்திருக்காது. ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை! வெள்ளம் வடிந்ததும் பாயையும் துணியையும் உலர்த்தினோம். பாடகர் குழுவின் பழைய நோட்டுகளை நினைத்தோமா?

இத்தாலியின் மிலான் நகரில் ரிக்கோர்தி என்ற இசைப் பதிப்பகம் 1808-இல் தொடங்கப்பட்டது. வெர்தி, புச்சீனி போன்றோர் கைப்பட எழுதிய இசைத்தாள்களை அச்சிட்ட பின்னும் அது பத்திரப்படுத்தியது. 1943-இல் குண்டுவீச்சில் அதன் கட்டடம் அழிந்தது. தாள்களோ முன்கூட்டியே வேறிடம் போயிருந்ததால் தப்பின. இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் அங்குள்ள பிரேரா மாளிகையில் இருக்கின்றன.

அந்தத் தாள்களில் சுரமும் தாளமும் இருப்பதால், நூறாண்டு கழித்தும் வாசிக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழிவிட்டபின், நம் உபதேசியார்களும் ஆசிரியர்களும் எழுதிய பாடல்களின் கதை வேறு. நோட்டில் வரிகள் மட்டுமே. மெட்டு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவரின் நினைவில். அவர் கண்மூடினால் நோட்டு இருந்தும் பாட்டு இல்லை. (பீரோவில் பூட்டி வைத்துவிட்டோம் என்று நாம் நிம்மதி கொள்வது வேடிக்கைதான்.)

ஐப்பசி மழைக்கு முன் நோட்டுகளைப் பரணில் ஏற்றுவோம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்தப் பெரியவரைப் பாடச் சொல்லி, இளைஞர்கள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும்.