டைரி எங்கே போச்சு?

'பையன் எந்நேரமும் கேம்தான் சார், கவர்மென்ட் தடை பண்ணணும்!' திண்டுக்கல்லில் இப்படிச் சொல்லாத அப்பா உண்டா? 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்களே, உங்கள் பிள்ளைக்காகவா? தகவல் பாதுகாப்பு, நாட்டின் இறையாண்மை என்றுதான் மத்திய அரசு காரணம் சொன்னது. 2021 ஜூலையில் அதே விளையாட்டு 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்களுக்குக் கள்ளச்சாவி பற்றி நான் சொல்லணுமா?

சரி, போன் பையன் கைக்கு எப்படி வந்தது? கொரோனா நேரத்து ஆன்லைன் வகுப்புக்கு நீங்களே வாங்கிக் கொடுத்தது. பள்ளி திறந்த பிறகும் பல இடங்களில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. டைரியில் எழுதிப் போட என்ன கேடு? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றி அப்புறம் விசாரிக்கலாம். இதை முதலில் கேளுங்கள்.