கலசத்துக்குப் பின்னும் எரிய வேண்டிய விளக்கு

குடமுழுக்கு நாளன்று எந்த ஊர்க் கோயிலிலும் ஆளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. யாகசாலைக்குச் சமித்து கொணரவும், பந்தியில் அன்னம் பரிமாறவும், நன்கொடைச் சீட்டு எழுதவும் கைகள் முந்தி நிற்கும். மண்டலாபிஷேகம் நிறைவுற்றுப் பந்தல் பிரிக்கப்பட்ட பின்னரே மெய்யான சோதனை தொடங்குகிறது. நாள்தோறும் விளக்குக்கு எண்ணெய் யார் தருவது? நைவேத்தியத்துக்கு அரிசி எங்கிருந்து வரும்? அர்ச்சகரின் இல்லத்தில் அடுப்பு எரிய வழி என்ன? இவற்றுக்கு விடை காணப்படாமையால், கோபுரத்தில் வண்ணம் புதிதாய் ஒளிர, கருவறையில் இருள் சூழ்ந்திருக்கும் கோயில்கள் உண்டு. அது பக்திக் குறைவால் விளைந்தது அன்று; திட்டக் குறைவால் விளைந்தது. பணி எங்கே முடிகிறது என்பதைத் தொடக்கத்திலேயே தவறாகக் குறித்துக்கொண்டதன் பயன் அது.

இதற்கு நேர்மாறான முன்மாதிரி தஞ்சைப் பெரிய கோயில். முதலாம் இராசராச சோழன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குப் பொன் வேய்ந்த செப்புக் கலசம் அளித்தான். ஏறத்தாழ 216 அடி உயர்ந்த அவ்விமானத்தை அண்ணாந்து பார்த்து வியப்போர் பலர். கீழே குனிந்து அதன் அடித்தளத்துக் கல்வெட்டுகளை நோக்குவோர் சிலரே. கட்டடம் எழுப்பும் திறனுக்கு விமானம் சான்று எனில், அதனை நடத்தும் திறனுக்கு அக்கல்வெட்டுகள் சான்று.

முதற்பாடம் முதலும் வட்டியும் பற்றியது. கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசுகள் பண்டாரத்தில் முடங்கிக் கிடக்கவில்லை. செலவழிந்து தீர்ந்துவிடவும் இல்லை. அவை ஊர்ச் சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. இன்றைய கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. சில ஊர்கள் அவ்வட்டியைக் காசாகவும், சில ஊர்கள் நெல்லாகவும் செலுத்தின. முதல் குறையாமல் நிற்க, அதன் விளைவைக் கொண்டு வழிபாடு நடந்தது. விளக்குக்கும் அதே முறைதான். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் இடையர்வசம் விடப்பட்டன. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சில ஆடுகள் இறப்பினும் புதியன பிறந்து மந்தையின் எண்ணிக்கை குன்றாது. எனவேதான் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று வழங்கினர். இன்று அறநிலையத்துறையின் ஒருகால பூசைத் திட்டமும் வைப்பு நிதியின் வட்டியைக் கொண்டே நடைபெறுகிறது. உருவம் மாறினும் கருத்து அதுவே.

இரண்டாம் பாடம் ஆள் பற்றியது. திருப்பதியம் பாட 48 பேரும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரும் நியமிக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஆக 150 குறுணி, அதாவது பன்னிரண்டரைக் கலம். நியமனத்தோடு கல்வெட்டு நின்றுவிடவில்லை. அவருள் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டு அகன்றாலோ என்ன செய்வது என்பதையும் அது முன்கூட்டியே கூறுகிறது. அடுத்த உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய மற்றொருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உரிமை உறவுக்கு உண்டு. ஆயினும் பணி தகுதிக்கே உரியது. ஒரு மனிதர் விலகியதும் பணி நின்றுபோகுமாயின், அங்கே திட்டம் இருந்ததாகக் கூற இயலாது.

மூன்றாவது, அளவு. பொன் ‘ஆடவல்லான்’ எனப் பெயரிட்ட கல்லாலும், நெல் அதே பெயருடைய மரக்காலாலும் அளக்கப்பட்டன. இறைவன் பெயரையே அளவைக்குச் சூட்டியபின் எவர் குறைத்து அளப்பார்? அணிகலன்களில் மணி எத்தனை, முத்து எத்தனை, எடை எவ்வளவு என்பதெல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டன. மன்னன் அளித்தவையும், தமக்கை குந்தவை அளித்தவையும், தேவியர் அளித்தவையும், பிறர் அளித்தவையும் தனித்தனியே குறிக்கப்பட்டன. நம்பிக்கை இருந்தமையால் கணக்கு வேண்டாம் என்று அவர்கள் எண்ணவில்லை. நம்பிக்கை நிலைக்க வேண்டும் என்பதற்காகவே கணக்கு எழுதினர்.

நான்காவது, முதன்மை எது என்று தெரிதல். விமானத்தின் மேல்தள உட்சுற்றில் இறைவனின் ஆடற்கரணங்களைச் செதுக்க 108 இடங்கள் அமைக்கப்பட்டன. அவற்றுள் 81 மட்டுமே செதுக்கப்பட்டன. எஞ்சிய 27 கற்கள் இன்றும் வெறுமையாகவே உள்ளன. ஆயினும் கருவறையில் வழிபாட்டுக்கு அது தடையாகவில்லை. அழகு நிறைவுறாமல் நிற்கலாம். அன்றாடக் கடமை அவ்வாறு நிற்கலாகாது.

இவற்றை ஒரு சிற்றூர்த் திருப்பணிக் குழு பின்பற்றப் பேரரசின் செல்வம் தேவையில்லை. நன்கொடை நூல் திறக்கும் நாளிலேயே இரண்டு கணக்குகள் தொடங்கலாம்: ஒன்று கட்டுமானத்துக்கு, மற்றொன்று நித்திய பூசைக்கு. இரண்டாவதில் சேர்ந்த தொகையின் வட்டி, எண்ணெய், அரிசி, அர்ச்சகர் ஊதியம் ஆகியவற்றுக்குப் போதுமா என்று கூட்டிப் பார்த்த பின்னரே குடமுழுக்குக்கு நாள் குறிக்கலாம். போதாதெனில் சுதைச் சிற்பங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். வைப்பு நிதியைக் குறைக்கலாகாது. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒருவர் பெயரும், அவர் இல்லாதபோது செய்பவர் பெயரும் எழுதப்பட வேண்டும். வரவும் செலவும் கோயிற் சுவரில் அனைவரும் காணுமாறு ஒட்டப்பட வேண்டும்.

இல்லத்து நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும். திருமணத்துக்கு மண்டபம் பேசும் பெற்றோர், மணமக்களின் முதலாண்டு வாழ்க்கைச் செலவையும் அதே தாளில் எழுதிப் பார்ப்பது நலம். வீடு கட்டுவோர் கிருகப்பிரவேசத்தோடு கணக்கை மூடாமல், கடன் தவணையின் கடைசி மாதம் வரை எழுதிப் பார்ப்பது நலம்.

கலசம் ஏறும் காட்சியைக் காண ஊரே திரளும். மறுநாள் மாலை திரி தூண்டி விளக்கேற்றுபவரைக் காண எவரும் வருவதில்லை. அந்த மாலைக்கு நெய் உண்டா என்று முதல் நாளிலேயே கேட்டு வைப்பதும் இறைபணியே ஆகும்.