சாக்கெட் பொருத்தம் மட்டும் போதுமா?

கேம் ஆடுறதுக்குன்னே அசெம்பிள் பண்ணின பொட்டி நடு ஆட்டத்துல தொங்கிடுச்சுன்னா, நம்ம வீடுகள்ல மூணே மூணு தீர்ப்புதான் உண்டு. 'வைரஸ் வந்திருக்கும்' (இது மாமா). 'ரேம் பத்தல' (இது பக்கத்து வீட்டு பி.இ. மாணவர்). 'எந்நேரமும் அதுலயே உக்காந்திருந்தா கெட்டுப்போகாம என்ன பண்ணும்?' (இது அப்பா). ப்ராசஸரும் மதர்போர்டும் மட்டும் குற்றவாளிக் கூண்டுல ஏறுறதே இல்ல. அவங்க ரெண்டு பேரும்தான் சாக்கெட்ல ஒண்ணா உக்காந்தாச்சே, அப்புறம் என்ன விசாரணை?

அங்கதான் சிக்கல். சாக்கெட்ல உக்காருதுங்கிறது பத்துப் பொருத்தத்துல ஒரு பொருத்தம் மட்டும்தான். மீதி ஒன்பதையும் பார்க்குற பொறுப்பை வாங்குறவன் தலைல கட்டிட்டு, பார்க்குறதுக்கு வேண்டிய தகவலை டப்பா மேல போடாமலேயே விக்கிறாங்களே, அது நியாயமே இல்லைங்கிறதுதான் என் கட்சி.

முதல்ல ஒரு விஷயம். ப்ராசஸரும் போர்டும் சுத்தமா பொருந்தலைன்னா அது ஒரு வகையில நல்லது. பொட்டி ஆன் ஆகாது, அல்லது விசிறி மட்டும் சுத்தும், திரை கறுப்பா இருக்கும். கடைக்குத் தூக்கிட்டுப் போய் சண்டை போடலாம். 2017 அக்டோபர்ல இன்டெல் எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களை விட்டப்ப இதான் நடந்துச்சு. சாக்கெட் பேரு அதே எல்.ஜி.ஏ 1151, அளவும் அதே. ஆனா பழைய 100, 200 சீரிஸ் போர்டுல போட்டா வேலைக்கு ஆகாது, 300 சீரிஸ் போர்டு வாங்கணும். கரண்ட் போற பின்களை மாத்திட்டோம்னு விளக்கம் சொன்னாங்க. கடுப்பான விஷயம்தான், ஆனா முதல் நாளே தெரிஞ்சுடும்.

ஆபத்து பாதிப் பொருத்தத்துலதான் இருக்கு. பொட்டி ஆன் ஆகும், விண்டோஸ் ஏறும், மெயில் பார்க்கலாம், படம் பார்க்கலாம். கேமைத் திறந்து இருபது நிமிஷத்துல திரை உறைஞ்சு, சத்தம் 'டிர்ர்ர்ர்'னு ஒரே இடத்துல மாட்டிக்கும். கடைக்குக் கொண்டு போனா அங்க ஒழுங்கா ஓடும். அவங்க என்ன கேமா ஆடிப் பார்க்கப் போறாங்க?

இந்தப் பாதிப் பொருத்தம் மூணு இடத்துல வரும்.

ஒண்ணு, பயாஸ். போர்டுல ஒரு சின்ன சிப்புல இருக்குற இந்த மென்பொருளுக்கு ப்ராசஸரை அடையாளம் தெரியணும். தெரிஞ்சா மட்டும் போதாது, எவ்வளவு வோல்டேஜ் குடுக்கணும், ரேமோட எப்படிப் பேசணும்ங்கிறதும் சரியாத் தெரியணும். ஏ.எம்.டி.யோட ஏ.எம்.4 சாக்கெட் 2016-ல வந்துச்சு, 2024-லயும் அதே சாக்கெட்டுக்குப் புது ப்ராசஸர் விட்டாங்க. கேக்க ரொம்ப சந்தோஷமான சேதி. ஆனா பழைய போர்டுகள் பலதுல பயாஸ் சிப் வெறும் 16 எம்.பி.தான். 2019-ல ரைசன் 3000 வந்தப்ப இடம் பத்தாம, பழைய ப்ராசஸர் ஆதரவையும் பயாஸ் மெனுவோட அலங்காரத்தையும் வெட்டி எறிஞ்ச போர்டு கம்பெனி உண்டு. ரைசன் 5000 வகையறா 400 சீரிஸ் போர்டுகளுக்குக் கிடையாதுன்னு 2020 மே மாசம் சொல்லி, எதிர்ப்பு கிளம்பினதும் அதே மாசத்துலயே ஏ.எம்.டி. முடிவை மாத்திக்கிச்சு. 300 சீரிஸ் வச்சிருந்தவங்களுக்கு 2022-லதான் விடிஞ்சுது. 'ஒரே சாக்கெட்'ங்கிற ஒத்தை வார்த்தைக்குள்ள எத்தனை 'ஆனா' பாருங்க.

ரெண்டு, கரண்ட். எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து வர்ற 12 வோல்ட்டை ப்ராசஸருக்குத் தேவையான ஒண்ணே சொச்சம் வோல்ட்டா இறக்கிக் குடுக்குறது போர்டுல இருக்குற வி.ஆர்.எம். டப்பால '105 வாட்'னு போட்ட ஏ.எம்.4 ரைசன் முழு வேகத்துல 142 வாட் வரைக்கும் இழுக்கும். ஐ9-14900கே-ல அடிப்படைக் கணக்கு 125 வாட், டர்போவுல 253 வாட். விலை குறைஞ்ச போர்டுல வி.ஆர்.எம். மேல ஹீட் சிங்க் கூட இருக்காது. மாட்டு வண்டில லாரி லோடு ஏத்தின கதைதான். வண்டி கிளம்பும், மேடு வந்தா நின்னுடும்.

மூணு, ரேம் வேகம். மெமரி கன்ட்ரோலர் இருக்குறது ப்ராசஸருக்குள்ள. ரேம் ஸ்டிக்கர்ல 3600னு போட்டிருக்கலாம், ஆனா முதல் தலைமுறை ரைசனுக்கு அதிகாரபூர்வ எல்லை 2666தான். பயாஸ்ல எக்ஸ்.எம்.பி.யைத் தட்டிவிடுறதே ஒரு ஓவர்கிளாக்கிங்தான்னு கடைல யாரும் சொல்றதில்ல.

எங்க சித்தி பையனோட பொட்டிக் கதை இந்த ரெண்டாவது ரகம். கம்பெனி, கடை பேரெல்லாம் வேண்டாம். பழைய சின்ன ப்ராசஸரை எடுத்துட்டு அதே போர்டுல பெரிய எட்டு கோர் ப்ராசஸரைப் போட்டாங்க. 'அதே சாக்கெட் தம்பி, தாராளமா போடலாம்'னு கடைக்காரர் உத்தரவாதம். அதுக்கப்புறம் கேம் ஆரம்பிச்சு இருபது நிமிஷத்துல தொங்கும், கொஞ்ச நேரத்துல தானா விட்டுப் பிடிக்கும், மறுபடி தொங்கும். விண்டோஸை மூணு தடவை மாத்திப் போட்டாங்க. ரேம் மாத்தினாங்க. எஸ்.எம்.பி.எஸ். மாத்தினாங்க. அடுத்து கிராஃபிக்ஸ் கார்டுதான்னு கடைல சொன்னப்ப சித்தப்பா பொறுமை காலி. பையனுக்குப் பரீட்சை முடியுற வரைக்கும் பொட்டிக்கே தடா.

நான் போய்ப் பார்த்தப்ப கிளாக் வேகத்தைத் திரை ஓரத்துல ஓட விட்டேன். தொங்குற நேரத்துல ப்ராசஸர் வேகம் அரை கிகாஹெர்ட்ஸுக்கு விழுந்துச்சு. ப்ராசஸர் சூடு என்னவோ நார்மல். கேபினட்டைத் திறந்து, வீட்டு டேபிள் ஃபேனை வி.ஆர்.எம். பக்கமா திருப்பி வச்சதும் ஒரு மணி நேரம் தொங்காம ஓடுச்சு. அவ்வளவுதான் விசாரணை. பயாஸ்ல ப்ராசஸரை 65 வாட் மோடுக்கு இறக்கிவிட்டோம். கேம்ல வித்தியாசமே தெரியல. ஆனா ரேமுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.க்கும் போன காசு போனதுதான். அதைவிட, செய்யாத தப்புக்கு அந்தப் பையன் வாங்கின திட்டு இருக்கே, அதை யார் திருப்பித் தருவா?

'படிச்சுப் பார்த்து வாங்கணும், தெரியாதவன் எதுக்கு அசெம்பிள் பண்றான்'னு சொல்றவங்க உண்டு. தெரிஞ்சவங்களே தடுமாறின கதையையும் பார்ப்போம். இன்டெல்லோட 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள்ல அன்ரியல் இன்ஜின் கேம்கள் 'வீடியோ மெமரி பத்தல'ன்னு சொல்லிட்டுச் செத்து விழுந்துச்சு. அந்த மெசேஜைப் பார்த்தா யார்தான் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகப்படாம இருப்பா? குற்றவாளி ப்ராசஸர். வோல்டேஜ் ஏறிப்போய் சிப் உள்ளுக்குள்ளேயே தேய்ஞ்சிருக்கு. போர்டுகள் இன்டெல் சொன்ன எல்லைக்கு மேல பவரைத் திறந்து விட்டதும் காரணங்கள்ல ஒண்ணுன்னு இன்டெல்லே சொல்லுச்சு. 2024 ஆகஸ்ட்ல மைக்ரோகோட் திருத்தம் வந்துச்சு, வாரண்டியை ரெண்டு வருஷம் நீட்டினாங்க. ஏற்கனவே தேய்ஞ்ச சிப்பை எந்தத் திருத்தமும் சரிபண்ணாது. ஏ.எம்.டி. பக்கமும் யோக்கியம் இல்ல. சில ரைசன் பொட்டிகள் நடு நடுவுல திணறுறதுக்கு எஃப்.டி.பி.எம்.ங்கிற பாதுகாப்புச் சமாச்சாரம் பயாஸ் சிப்போட பேசுறதுதான் காரணம்னு 2022 மார்ச்ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க. மருந்து, புது பயாஸ். இதையெல்லாம் பத்தாவது படிக்கிற பையன் கண்டுபிடிச்சிருக்கணுமா?

சரி, புலம்பல் போதும். பொட்டி தொங்குச்சுன்னா பைசா செலவில்லாத வேலைகளை முதல்ல செய்யுங்க. நான் பார்க்குற வரிசை இது.

1. போர்டு மாடல் பேரை எடுத்து, கம்பெனி தளத்துல ப்ராசஸர் ஆதரவுப் பட்டியலைப் பாருங்க. உங்க ப்ராசஸருக்கு நேரா 'எந்த பயாஸ்ல இருந்து'ன்னு ஒரு நம்பர் இருக்கும். உங்க பொட்டி பயாஸ் அதைவிடப் பழசா இருந்தா விசாரணை அங்கேயே முடிஞ்சிடலாம்.

2. எக்ஸ்.எம்.பி.யை அணைச்சுட்டு, பயாஸ் மொத்தத்தையும் டிஃபால்டுக்குக் கொண்டு வந்து ரெண்டு நாள் ஆடிப் பாருங்க.

3. விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறங்க. 'கெர்னல் பவர் 41'னு இருந்தா பதற வேண்டாம். 'ஒழுங்கா ஷட் டவுன் ஆகல'ங்கிறது மட்டும்தான் அதுக்கு அர்த்தம், காரணம் அதுல இல்ல. 'டபிள்யூ.எச்.இ.ஏ. லாகர்'னு பிழை இருந்தா வன்பொருள் பக்கம்தான் கோளாறுன்னு வச்சுக்கலாம். அதுக்கு விண்டோஸ் மாத்திப் போடுறது வீண்.

4. எப்ப தொங்குதுன்னு குறிச்சு வைங்க. கேம் லோடுல தொங்கினா சூடு, வி.ஆர்.எம். பக்கம் போங்க. சும்மா இருக்கும்போது தொங்கினா, ப்ராசஸர் தூங்குற நிலைல வோல்டேஜ் ரொம்ப இறங்குதான்னு பாருங்க. ஆரம்பகால ரைசன்கள்ல இந்தத் தொல்லை இருந்துச்சு. பயாஸ்ல 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்'ங்கிறதை 'டிப்பிகல்'னு மாத்தினா பலருக்குச் சரியாச்சு.

5. இவ்வளவும் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறக்கணும்.

கம்பெனிகள்கிட்ட நான் கேக்குறது பெரிய வரம் ஒண்ணும் இல்ல. ரெண்டே வரி. இந்த டப்பாக்குள்ள இருக்குற போர்டுல எந்த பயாஸ் இருக்கு, இந்த போர்டு எத்தனை வாட் ப்ராசஸரை மணிக்கணக்கா தாங்கும். 'முடியாது, டப்பா கிடங்குல கிடக்கும், பயாஸ் மாறிட்டே இருக்கும்'னு சாக்கு சொல்ல முடியாது. 'ரைசன் 3000 ரெடி'ன்னு டப்பால ஸ்டிக்கர் ஒட்டி வித்தவங்கதான் இவங்க. 2018-ல பயாஸ் அப்டேட் பண்றதுக்குன்னே பழைய ப்ராசஸரை வாடிக்கையாளருக்கு இரவல் அனுப்பி வச்சது ஏ.எம்.டி. மனசு வச்சா முடியும்னு அவங்களே காட்டியிருக்காங்க.

ரெண்டு தலைமுறைக்கு ஒரு தடவை சாக்கெட்டை மாத்தி, போர்டுக்கும் சேர்த்துக் காசு பிடுங்குறதைவிட, ஒரே சாக்கெட் பல வருஷம் ஓடுறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. குப்பையும் குறையும், நம்ம காசும் மிஞ்சும். ஆனா அந்த வசதியைச் சொல்லிச் சொல்லி விக்கிறவங்க, அதோட நிபந்தனைகளையும் அதே டப்பால அதே சைஸ் எழுத்துல அடிக்கணும். அதுவரைக்கும் 'அதே சாக்கெட்தான் சார்'னு கடைல சொன்னா, மீதி ஒன்பது பொருத்தம் என்னாச்சுன்னு கேளுங்க. முழிச்சாருன்னா அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.

பி.கு: பயாஸ் அப்டேட் பண்றப்ப யு.பி.எஸ். கண்டிப்பா வேணும். பாதில கரண்ட் போச்சுன்னா, அரைகுறைப் பொருத்தம் போய் ஒட்டுமொத்தமா விவாகரத்தே ஆயிடும் :)